லைன் லாரி டிரைவர் ஒருவர் அமெரிக்காவில் சிடிஎல் பெர்மிட் தேர்வு எழுதியது: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் நாமக்கல் பக்கத்துக்காரர். வயது நாற்பத்தெட்டு. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு கிளீனராக லாரி ஏறியவர். அப்புறம் டிரைவராகி டெல்லி, கொல்கத்தா லைன் ஓட்டினார். ஊரை விட்டு வருவதற்கு முந்தைய சில வருடங்கள் ட்ரெய்லரில் ஸ்டீல் காயில் ஏற்றினார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அக்கா உடன்பிறந்தோர் விசாவுக்கு மனுப் போட்டு, பதினைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்து, குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். இங்கே கிடைத்த முதல் வேலை ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. கொஞ்ச காலம் அதில் இருந்துவிட்டு, தெரிந்த தொழிலுக்கே திரும்பலாம் என்று முடிவு செய்தார். அதற்கு சிடிஎல், அதாவது கனரக வண்டி ஓட்டுவதற்கான வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும்.

நான் அதே மாநிலத்தில் கிளாஸ் ஏ லைசென்சில் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். தெரிந்தவர் மூலமாக அவர் என்னிடம் வந்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க, ஊர் பெயர், பயிற்சிப் பள்ளி போன்றவற்றை விட்டிருக்கிறேன்.

வேலை தொடங்கும் முன்பே இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொண்டோம். ஒன்று, குடியேற்ற நிலை. அவரிடம் இருந்தது கிரீன் கார்டு. தற்காலிக அனுமதியில் இருப்பவர்களுக்கு சிடிஎல் கொடுப்பதை இறுக்கி 2025 செப்டம்பரில் மத்தியப் போக்குவரத்துத் துறை ஒரு விதியை வெளியிட்டது. அது கிரீன் கார்டுக்காரர்களைத் தொடுவதில்லை. இரண்டாவது, மருத்துவச் சான்று. அதை மத்தியப் பதிவேட்டில் உள்ள மருத்துவப் பரிசோதகர்தான் கொடுக்க முடியும். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடச் சான்று கிடைக்கும். இவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட இருந்ததால் ஒரு வருடத்துக்குத்தான் கொடுத்தார்கள். அது பெர்மிட்டுக்குத் தடையில்லை. ஆனால் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

தேர்வின் அமைப்பு

பெர்மிட் என்பது பழகுநர் உரிமம், சிஎல்பி. இழுக்கும் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, ட்ரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் கிளாஸ் ஏ வேண்டும். அதற்கு மூன்று எழுத்துத் தேர்வுகள்: 50 கேள்வியில் பொது அறிவு, 25 கேள்வியில் ஏர் பிரேக், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக், 20 கேள்வியில் காம்பினேஷன், அதாவது ட்ரெய்லர் சேர்ந்த வண்டி. மூன்றிலும் 80 சதவீதம் வேண்டும். கணக்குப் போட்டால் 40, 20, 16. எல்லாம் கணினியில் நான்கு விடையிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். கேள்வி முழுக்க மாநிலம் இலவசமாகத் தரும் சிடிஎல் கையேட்டிலிருந்தே வரும். கிளாஸ் ஏ ஆளுக்குத் தேவை அதில் 1, 2, 3, 5, 6 ஆகிய பகுதிகள். பஸ், டேங்கர், அபாயச் சரக்கு எல்லாம் தனித்தனி. அவற்றை இப்போது தொட வேண்டியதில்லை.

சிலர் ஏர் பிரேக் தேர்வைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறார்கள். அதை எழுதாமல் லைசென்ஸ் எடுத்தால் ஏர் பிரேக் வண்டி ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு ஏறிவிடும். ட்ரெய்லர் தொழிலில் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதல் முயற்சி

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் ஒரு முறை எழுதிவிட்டிருந்தார். படித்த விதம் இது: அக்கா மகன், கல்லூரி மாணவன், கையேட்டின் முக்கியப் பக்கங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறான். கூடவே போனில் ஒரு பயிற்சிச் செயலி. செயலியில் தினமும் எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் வாங்கியிருக்கிறார். தைரியமாக ஒரே காலையில் மூன்று தேர்வையும் எழுதினார்.

பொது அறிவில் 36. ஏர் பிரேக்கில் 17. இரண்டிலும் தோல்வி. காம்பினேஷனில் மட்டும் 16, தட்டுத்தடுமாறித் தேர்ச்சி.

இதற்கு நடுவில் யாரோ ஒருவர், கேள்வித்தாள் பிடிஎஃப் இருக்கிறது, பணம் கொடுத்தால் காதில் மாட்டும் கருவியும் ஏற்பாடு செய்யலாம் என்று வலை வீசியிருக்கிறார். நாமக்கல்காரர் என்னைத் தேடி வந்ததே அதைக் கேட்கத்தான். கூடவே கூடாது என்றேன். தேர்வு மோசடியில் தண்டனை பெற்றால் மத்திய விதிப்படி குறைந்தது ஒரு வருடத்துக்குத் தகுதி போய்விடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு குற்றப்பதிவை வாங்கிக்கொள்வது அதைவிடப் பெரிய வம்பு. சரி என்று அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

தவறிய விடைகளில் தெரிந்தது

அந்த மையத்தில் விடையை அழுத்தியவுடன் சரியா தவறா என்று திரை காட்டிவிடும். அதனால் தவறியவற்றில் பாதிக்கு மேல் அவருக்கு நினைவில் இருந்தது. உட்கார வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். மொழி தெரியாததால் தவறினார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பட்டியல் அப்படிச் சொல்லவில்லை.

கொஞ்சம் மொழிப் பிரச்சினை இருந்தது உண்மை. 'இவற்றில் எது சரியல்ல', 'இதைத் தவிர மற்றவை' என்று கேட்கும் கேள்விகளில், முதலில் கண்ணில் படும் உண்மையான வாக்கியத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார். 'மேற்கண்ட எல்லாம்' என்ற விடையைக் கடைசி வரை படிக்கவே இல்லை.

எண்கள் இன்னொரு வகை. அடி, மைல், காற்றழுத்தத்தை அளக்கும் பிஎஸ்ஐ எல்லாம் அவருக்கு வெறும் எண்களாக நின்றன. ஊரில் காற்று என்றால் கிலோக் கணக்கு. எட்டு கிலோ ஏறினால் வண்டி கிளம்பும் என்பார். 125 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய அதே எட்டரை, ஒன்பது கிலோதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பெரிய பங்கு மூன்றாவது வகைக்கு. கேள்வி நன்றாகவே புரிந்திருக்கிறது. விடையும் தெரியும் என்று நம்பித்தான் அழுத்தியிருக்கிறார். அந்த விடை நம்ம ஊர் சாலையின் விடை.

வெயிலில் டயர் தொட முடியாத அளவு சூடாகிவிட்டது, என்ன செய்வீர்கள்? கொஞ்சம் காற்றை இறக்குவேன் என்று அழுத்தியிருக்கிறார். கையேடு சொல்வது: காற்றை இறக்காதே, டயர் ஆறும் வரை நில். இறக்கினால் ஆறிய பிறகு அழுத்தம் குறைந்துபோகும். பின்னால் வரும் வண்டி முந்தலாம் என்று சைகை காட்டலாமா? காட்டலாம் என்று அழுத்தியிருக்கிறார். நம்ம ஊரில் வலது இண்டிகேட்டரைப் போட்டு 'போ' என்று விடுவது டிரைவருக்கு மரியாதை. இங்கே அது கூடவே கூடாது. முந்தியவன் மோதினால் பழி சைகை காட்டியவன் மேல் வரும் என்று கையேடு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஹாரன் கேள்வியும் அப்படித்தான். லாரியின் முதுகிலேயே ஹாரன் அடி என்று எழுதி வைத்த நாட்டிலிருந்து வந்தவரிடம், தேவையில்லாத ஹாரன் ஆபத்து என்ற விடை எப்படி வரும்?

வண்டி நின்றுபோனால் என்ன வைப்பது என்ற கேள்வியில் அவர் சிரித்துவிட்டார். "கல்லு வைப்போம், வேப்பங்கொப்பு ஒடிச்சுப் போடுவோமுங்க." இங்கே மூன்று பிரதிபலிப்பு முக்கோணங்கள். நின்ற பத்து நிமிடத்துக்குள் வைக்க வேண்டும். ஒருவழிச் சாலையிலோ நடுவில் பிரித்த நெடுஞ்சாலையிலோ என்றால் வண்டிக்குப் பின்னால் 10, 100, 200 அடியில்.

இறக்கத்தைப் பற்றிய கேள்வியில் மட்டும் அவர் அனுபவம் பாதி கை கொடுத்தது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி விபத்தான வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இறங்கத் தொடங்கும் முன்பே சரியான கியருக்கு வந்துவிட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரேக்கை எப்படி மிதிப்பது என்பதில் தவறினார். கையேட்டின் முறை இது: பாதுகாப்பான வேகம் என்று வைத்துக்கொண்டதைத் தொட்டதும் நன்றாக மிதித்து, அதற்கு 5 மைல் கீழே வந்ததும் விட்டுவிட வேண்டும். ஒரு மிதி சுமார் மூன்று விநாடி. வேகம் திரும்ப ஏறினால் மறுபடி அதே. அவர் லேசாக மிதித்தபடியே இறங்குவேன் என்று அழுத்தியிருந்தார்.

காம்பினேஷனில் ஏன் தேறினார் என்பதும் இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் கிங் பின், ஃபிஃப்த் வீல், ஏர் ஹோஸ் எல்லாம் அவர் வருடக்கணக்கில் வாயால் சொல்லிக் கையால் தொட்டவை. ஆங்கிலம் என்ற நினைப்பே இல்லாமல் படித்துக்கொண்டு போயிருக்கிறார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அக்கா மகன் எழுதிய தமிழ்ப் பக்கங்களை மூடி வைத்தோம். பையன் உழைப்பில் குறையில்லை. ஆனால் தேர்வுத் திரையில் அந்தத் தமிழ் வரப்போவதில்லை. மாமா தமிழில் புரிந்துகொண்டதை அங்கே உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் தடுமாறினார்.

செயலியை விட்டுவிடச் சொன்னேன். அதில் ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்ததால், கேள்வியின் முதல் மூன்று சொல்லைப் பார்த்தே விடையை அழுத்தப் பழகியிருந்தார். தொண்ணூறு சதவீதம் வந்தது அப்படித்தான். அதில் இருந்த சில எண்கள் பழைய பதிப்பைச் சேர்ந்தவை என்பதும் தெரிந்தது. காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை எப்போது வர வேண்டும் என்பது சில கையேடுகளில் 60 பிஎஸ்ஐ, சிலவற்றில் 55. தேர்வு எழுதும் மாநிலத்தின் இப்போதைய கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் விடை.

அதனால் படிக்க ஒரே ஒரு புத்தகம், மாநிலக் கையேடு மட்டும். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு சிறு பகுதியை ஆங்கிலத்திலேயே சத்தமாகப் படிக்க வேண்டும். எட்டாவது படிக்கும் சின்ன மகள் எதிரில் உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்துவாள். அப்பாவைத் திட்ட அவளுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு, அவள் அதை வீணாக்கவில்லை.

நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் 'நான் செய்வது', வலது பக்கம் 'புத்தகம் சொல்வது' என்று எழுதச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக இருக்கும் விஷயத்தை எழுதவே வேண்டாம். இதை அவர் முதலில் விரும்பவில்லை. இத்தனை வருடம் ஓட்டியது தப்பா என்று முகம் சுருங்கியது. தப்பு என்று யார் சொன்னது, இந்த ஊர் ரூல்ஸ் வேறு, அவ்வளவுதான் என்றேன். வாகனங்களுக்கு இடையில் விட வேண்டிய தூரம் வந்தபோது அவரே சத்தமாகச் சிரித்தார். வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு விநாடி, 40 மைலுக்கு மேல் போனால் இன்னும் ஒரு விநாடி. அறுபது அடி வண்டி நெடுஞ்சாலையில் போனால் ஏழு விநாடி.

"ஏழு செகண்டு எடம் உட்டா நடுவால நாலு வண்டி பூந்துருமுங்க தம்பி."

"பூந்தா நீங்க மறுபடி பின்வாங்கணும்ணா. அதுவும் புத்தகத்துல இருக்கு."

வலது பக்கம் எழுதிக்கொண்டார்.

இந்த மாநிலத்தில் கேள்வியை ஹெட்போனில் கேட்டபடி எழுதலாம், ஆங்கிலத்தில்தான். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிடங்கில் காலம் தள்ளியதில் அவருக்குப் படிப்பதைவிடக் கேட்டால் எளிதாகப் புரியும். அதைக் கேட்டு வாங்க முடிவு செய்தோம். தவிர, மூன்றையும் ஒரே நாளில் எழுதும் அவசரம் வேண்டாம். தேறிய காம்பினேஷன் அப்படியே இருக்கும், மீதி இரண்டை மட்டும் எழுதினால் போதும்.

யார்டில்

ஏர் பிரேக் பகுதியைப் புத்தகத்தில் மட்டும் படித்துத் தேற முடியாது என்பது என் கருத்து. சொந்த வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்டரையும், அதாவது இழுக்கும் வண்டியையும், ட்ரெய்லரையும் சமதளமான யார்டில் நிறுத்துவார். நண்பர் கூடவே இருக்க, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு நாமக்கல்காரரை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினோம். பெர்மிட் இல்லாதவர் வண்டியை நகர்த்தக் கூடாது. நிறுத்திய வண்டியில் பார்க்கலாம்.

இருக்கை இடது பக்கம் என்பதால் முதலில் அவர் கை தவறான பக்கம் துழாவியது. டேஷில் இரண்டு குமிழ்: மஞ்சள் நிறத்தில் சாய்சதுரமாக இருப்பது பார்க்கிங் பிரேக், சிவப்பில் எண்கோணமாக இருப்பது ட்ரெய்லருக்குக் காற்று. கைக்குத் தடவினாலே வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக வடிவம் அப்படி. காற்று முழுதாக ஏறியதும் கம்ப்ரஸர் நின்றது. முள்ளைப் பார்த்து "நூத்தி இருபத்தஞ்சு" என்றார். கம்ப்ரஸர் நிற்கும் அந்த அளவுக்குப் பெயர் கவர்னர் கட்-அவுட். புத்தகத்தில் மூன்று நாளாகப் படித்தும் மனதில் நிற்காத சொல் அப்போது நின்றது.

என்ஜினை அணைத்து, இரண்டு குமிழையும் உள்ளே தள்ளி, காலை எடுத்து, காற்று எவ்வளவு கசிகிறது என்று கடிகாரம் பார்த்தோம். ட்ரெய்லர் சேர்ந்த வண்டியில் ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. அப்புறம் பிரேக்கை அழுத்திப் பிடித்து, முதல் இறக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் இன்னொரு நிமிடம். இப்போது வரம்பு 4. ட்ரெய்லர் இல்லாத ஒற்றை வண்டிக்கு இவை 2-ம் 3-ம். இந்த நான்கு எண்ணையும் செயலியில் மாற்றி மாற்றித்தான் அழுத்திக்கொண்டிருந்தார். முள்ளைப் பார்த்தபடி மிதித்துப் பிடித்த பிறகு, "மிதிச்சா ஒண்ணு கூட, ட்ரெய்லர் இருந்தா ஒண்ணு கூட" என்று அவரே ஒரு வாய்ப்பாடு கட்டிக்கொண்டார்.

கடைசியாகச் சாவியை ஆன் செய்து பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார். அறுபத்தைந்துக்குப் பக்கத்தில் பஸ்ஸர் கத்தியது. இன்னும் மிதித்தார். நாற்பதுக்குக் கீழே போனதும் சிவப்புக் குமிழ் 'டப்' என்று வெளியே வந்தது, கொஞ்சத்தில் மஞ்சளும். 20-க்கும் 45-க்கும் நடுவில் வர வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. குமிழ் கையில் இடித்ததும் திடுக்கிட்டு, பிறகு "காத்து போனா ஸ்பிரிங் புடிச்சுக்குது, அவ்வளவுதானே" என்றார். கையேட்டில் ஒரு பக்கத்துக்கு இழுத்து எழுதியிருப்பது அவ்வளவுதான்.

கீழே இறங்கி முக்கோணங்களைக் காலடி எண்ணி வைத்துப் பார்த்தார். நூறு அடிக்கு அவருக்கு நாற்பது எட்டு. 55 மைல் வேகத்தில் வண்டி நிற்க 419 அடி என்பதையும் நடந்தே அளந்தார்: கண்ணுக்குத் தெரிந்து மூளை உணர்வதற்குள் 142, கால் பிரேக்குக்குப் போவதற்குள் 61, பிரேக் பிடித்து நிற்க 216. ஏர் பிரேக்கில் காற்று போய்ச் சேரும் தாமதத்துக்கு இன்னும் 32 அடி, ஆக 450-க்கு மேல். யார்டு போதாமல் வேலி வரை போய் நின்றார்.

அடுத்த முயற்சிகள்

பொது அறிவில் 44. ஹெட்போன் உதவியது என்றார். 'சரியல்ல', 'தவிர' வரும் கேள்விகளை இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அழுத்தியிருக்கிறார்.

ஏர் பிரேக்கில் 19. ஒரு மதிப்பெண்ணில் போனது.

அந்த ஒன்று எங்கே போனது என்று உட்கார்ந்தோம். எண்களில் தவறே இல்லை. பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் பாகமான ஸ்லாக் அட்ஜஸ்டரில் இரண்டு கேள்வி தவறு. ஊரில் பிரேக் தளர்ந்தால் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரில் இறுக்குவது கிளீனராக இருந்த காலத்திலிருந்தே அவர் வேலை. இங்கே 1994-க்குப் பிறகு வந்த வண்டிகளில் அது தானாகவே இறுக்கிக்கொள்ள வேண்டும். கையால் இறுக்க வேண்டி வந்தால் உள்ளே ஏதோ கோளாறு. இறுக்குவது தீர்வாகாது, பட்டறைக்குப் போக வேண்டும். கையால் பலமாக இழுத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசைகிறதா என்று பார்ப்பதுதான் டிரைவர் வேலை. நோட்டின் இடது பக்கத்தில் இதை அவர் எழுதவே இல்லை. 'நான் செய்வது' என்று நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பழகிப்போன வேலை அது.

அடுத்த ஞாயிறு வண்டிக்கு அடியில் போய் அதைக் காட்டினோம். மூன்றாவது தடவை ஏர் பிரேக்கில் 23. பெர்மிட் கையில் வந்தது.

அதன் பிறகு

பெர்மிட் வாங்கிய பின் 14 நாள் கழித்துத்தான் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். அந்தத் தேர்வுக்கு முன் ஈஎல்டிடி என்ற கட்டாயப் பயிற்சியை, மத்தியப் பட்டியலில் உள்ள பள்ளியில் முடிக்க வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல் நடப்பில் உள்ள விதி. அதில் எழுத்துப் பகுதி முழுக்க இதே பாடம் என்பதால் அவருக்கு அது சுலபமாகப் போனது. வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகச் சொல்லும் சோதனையில், இங்கேயே பிறந்து வளர்ந்த பையன்களைவிட அவர் முன்னால் நின்றார்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் பழகினால் சீக்கிரம் முடியும் என்று பள்ளியில் சொன்னார்கள். அதில் தேர்வு கொடுத்தால் மேனுவல் கியர் ஓட்டக் கூடாது என்று லைசென்சில் கட்டுப்பாடு விழும். வாழ்நாள் முழுக்க கியர் போட்டவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேனுவல் வண்டிக்காகக் காத்திருந்தார். பின்னால் எடுப்பதில் ஒரு முறை தவறி, அடுத்ததில் லைசென்ஸ் வாங்கினார். இப்போது பக்கத்து மாநிலங்களுக்குள் ஓடும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறார்.

ஒரு பயம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. டிரைவருக்கு ஆங்கிலம் பேச, படிக்கத் தெரிய வேண்டும் என்பது மத்திய விதியில் பழைய சட்டம்தான். 2025 ஜூன் 25 முதல், சாலைச் சோதனையில் அது இல்லை என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடலாம் என்று ஆகிவிட்டது. எங்கே ஏற்றினாய், எங்கே போகிறாய், எத்தனை மணி நேரம் ஓட்டினாய், இந்தப் போர்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். எடைநிலையத்தில் ஒரு தடவை அவரைக் கேட்டார்கள். மகள் எதிரில் சத்தமாகப் படித்த வாக்கியங்களையே கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டு வந்ததாகப் போனில் சொன்னார்.

இனி மாற்றிச் செய்வது

பேச்சுப் பயிற்சியைப் பெர்மிட் கிடைத்த பிறகுதான் தனியாகத் தொடங்கினோம். அதை முதல் நாளிலிருந்தே, படிப்போடு சேர்த்து நடத்துவது நல்லது. எப்படியும் சாலையில் தேவைப்படப் போகிறது.

யார்டுக்குப் போவதும் இன்னும் முன்னால் வர வேண்டும். இவர் விஷயத்தில் புத்தகம் முதலில், வண்டி பிறகு என்று போனது. ஏர் பிரேக் பற்றிய ஐந்தாம் பகுதியைத் திறக்கும் முன்பே வண்டியைக் காட்டிவிட்டால் படிக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

நோட்டின் இடது பக்கத்தை டிரைவரே நிரப்பட்டும் என்று விட்டால் ஸ்லாக் அட்ஜஸ்டர் மாதிரி பழகிப்போனவை விடுபடும். இப்போது நானே கேள்வி கேட்டு நிரப்புகிறேன்: டயர் பஞ்சரானால் யார் மாற்றுவார்கள், பிரேக் தளர்ந்தால் யார் இறுக்குவார்கள், லோடு கட்டும்போது கயிறு எத்தனை, எங்கே நிறுத்திப் பார்ப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு ஊர் டிரைவர்கள் 'டீக்கடையில்' என்பார்கள். கையேட்டின்படி முதல் 50 மைலுக்குள் ஒரு தடவை, அப்புறம் மூன்று மணி நேரத்துக்கோ 150 மைலுக்கோ ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அது.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது என்னிடம் படிப்பவர் ஐடி வேலை போய் லாரிக்கு வர நினைக்கும் ஒருவர். ஆங்கிலக் கையேட்டை இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டார். இடது பக்கத்தில் எழுத அவருக்கு ஒன்றுமே இல்லை. லாரியில் ஏறியதே கிடையாது. அவருக்கு நோட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டு, நேராக யார்டிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.